கடைத்தெருவின் கழிவு – ஒரு சரித்திர நோக்கு

வாணிகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடையின் முன்வாயிலைப் பற்றியே எழுதியுள்ளனர். எந்த நாட்டிலிருந்து மிளகு வந்தது, எந்தத் துறையில் முத்து இறங்கியது, பட்டுக்கு என்ன விலை கிடைத்தது என்று அவர்கள் விரிவாகக் கூறுவர். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பின்வாயிலும் உண்டு. உடைந்த சாடியும், கிழிந்த சாக்கும், சிந்திய தானியமும், அழுகிய கனியும் நாள்தோறும் அவ்வாயிலாலேயே வெளியேறுகின்றன. அவை எங்கே போயின, அவற்றைச் சுமந்தவர் யாவர், இறுதியில் யாருடைய வீட்டு முற்றத்திலே போய்க் கிடந்தன என்னும் வினாக்கள் சரித்திர நூல்களில் அருகியே காணப்படுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

இல்லத்துக் கழிவுக்கும் கடைக் கழிவுக்கும் ஒரு வேற்றுமை உண்டென்பதை நேயர்கள் முதற்கண் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இல்லத்திற் சேர்வது அளவாற் சிறியது, வகையாற் பலபட்டது. கடையிற் சேர்வதோ அளவாற் பெரியது, பெரும்பாலும் ஓரினத்தது. காய்கறிக் கடையிலே தழையும் அழுகலும், மீன்கடையிலே செதிளும் குடலும், புடைவைக் கடையிலே கடதாசிப் பெட்டியும் உறையும், பலசரக்குக் கடையிலே சாக்கும் தகரமும் சேர்கின்றன. ஓரினமாயிருப்பதனால் அதனைத் தனியே பிரித்து வைத்தல் எளிது. பேரளவாயிருப்பதனால், அவ்வாறு பிரிக்காமல் விட்டால் விளையும் கேடும் பெரிது. இவ்விரண்டு உண்மைகளையும் அறிந்து நடந்த நகரங்களும் உண்டு; மறந்து துன்புற்ற நகரங்களும் உண்டு.

அறிந்து நடந்ததற்குச் சிறந்த சான்று பண்டை உரோமாபுரியிலே இருக்கின்றது. அந்நகரின் தென்புறத்தே, தைபர் ஆற்றின் பழைய துறைமுகத்தையும் பண்டகசாலைகளையும் அடுத்து, ஏறத்தாழ 35 மீற்றர் உயரமும் ஒரு கிலோமீற்றர் சுற்றளவும் உடைய ஒரு குன்று உள்ளது. மொந்தே தெஸ்தாச்சியோ என்பது அதன் பெயர். ஓட்டுக் குன்று என்று நாம் தமிழில் வழங்கலாம். இது இயற்கை தந்த குன்று அன்று. அடியிலிருந்து முடிவரை உடைந்த மட்சாடிகளின் ஓடுகளே. ஐந்து கோடிக்கு மேற்பட்ட சாடிகள் அங்கே புதைந்து கிடக்கின்றன என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு.

அச்சாடிகள் எங்கிருந்து வந்தன? அவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அக்காலத்தில் பேத்திக்கா என்று வழங்கிய தென் ஸ்பெயினிலிருந்து ஒலிவ எண்ணெயைச் சுமந்து வந்தவை. எஞ்சியவற்றுட் பல வட ஆபிரிக்காவிலிருந்து வந்தவை. சாடி ஒன்று ஏறத்தாழ 70 லீற்றர் எண்ணெய் கொள்ளும். வெறுஞ் சாடியே 30 கிலோகிராம் அளவு கனக்கும். பெருநகர மக்களுக்குப் பங்கிட அரசு தருவித்த எண்ணெயும் இதில் அடங்கும். துறைமுகத்தில் இறங்கிய எண்ணெயை வேறு கலங்களில் ஊற்றி எடுத்த பின்னர், வெறுஞ் சாடியை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. மது வந்த சாடிகளையும் பிற சாடிகளையும் உடைத்துப் பொடியாக்கிச் சாந்துடன் சேர்த்துக் கட்டட வேலைக்குப் பயன்படுத்துவது உரோமர் வழக்கம். ஆனால் எண்ணெய்ச் சாடியின் மண்ணிலே எண்ணெய் ஊறிப்போயிருந்தமையால், அது நாளடைவிற் காறி நாற்றமெடுத்தது. சுண்ணாம்புச் சாந்துக்கும் ஒவ்வாதிருந்தது. மீண்டும் பயன்படாத சரக்கை எவ்வாறு வைத்துப் பேணுவது என்பதே அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்.

அதற்கு அவர்கள் கண்ட வழியை அகழ்வாராய்ச்சி நமக்குக் காட்டியுள்ளது. சாடிகளைக் கண்டவிடத்தில் எறிந்துவிட்டுப் போகவில்லை. ஒதுக்கப்பட்ட ஓரிடத்துக்கு அவற்றைக் கொண்டு சென்று அங்கேயே உடைத்தனர். ஓடு நிறைந்த சாடிகளை வரிசையாக அடுக்கித் தாங்குசுவர் எழுப்பினர். அச்சுவருக்கு உட்புறத்தே ஓடுகளைப் பரப்பினர். ஒரு படி நிரம்பியதும் அதன்மேல் மற்றொரு படியை அமைத்தனர். எண்ணெயின் நாற்றத்தை அடக்குதற்காக இடையிடையே சுண்ணாம்புத் தூளைத் தூவினர். கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலிருந்து மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் இவ்வேலை நடைபெற்றது. இத்தனை காலம் ஓர் ஒழுங்கு பிறழாமல் நடைபெற்றதை நோக்கும்போது, இதனை மேற்பார்க்கும் பொறுப்பு யாரோ ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்று கருதுவதே பொருத்தமாகும்.

பிற்காலத்தவருக்கு இக்குன்று இருவகையிற் பயன்பட்டது. ஓடுகளுக்கிடையே காற்று நுழைந்து குளிர்ச்சி தந்தமையால், பின்னாளில் உரோம மக்கள் இதன் அடிவாரத்தைக் குடைந்து மது வைக்கும் அறைகளை அமைத்தனர். 1872ஆம் ஆண்டில் ஹைன்றிஹ் திறெசெல் என்னும் ஜேர்மானிய அறிஞர் இங்குள்ள ஓடுகளை ஆராயத் தொடங்கினார். சாடியின் வெற்று நிறை, எண்ணெயின் நிறை, வணிகரின் பெயர், சோதனை நடந்த விவரம், ஆண்டு முதலியன மையினால் எழுதப்பட்டிருந்தமையைக் கண்டு அவற்றைத் தொகுத்தார். உரோமப் பேரரசின் எண்ணெய் வாணிகத்தைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுட் பெரும்பகுதி அக்குப்பையிலிருந்து பெற்றதே. ஒரே இனமாய்ச் சேர்த்து ஒழுங்காய் வைத்த கழிவாதலின் அது ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் சரியாமல் நிற்கின்றது. படிக்கக்கூடிய ஏடாகவும் விளங்குகின்றது. உரோமர் தம் கழிவனைத்தையும் இவ்வாறு பேணினர் என்று எவரும் கொள்ளலாகாது. எண்ணெய்ச் சாடியளவில் அவர்கள் செய்தது செம்மையானது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

உடைந்த ஓடு அழுகுவதில்லை. ஆதலால் அது வைத்த இடத்திற் பொறுமையுடன் கிடக்கும். அழுகுங் கழிவுக்கு அத்தகைய பொறுமை இல்லை. அதனைக் கையாளுவதில் ஏற்பட்ட தடுமாற்றத்தை அறிவதற்கு நாம் பதினான்காம் நூற்றாண்டின் இலண்டன் மாநகருக்குச் செல்லுதல் வேண்டும்.

அந்நாளில் இலண்டனிலே புனித நிக்கலஸ் கோயிற்பற்றில் இறைச்சிக் கடைகள் பல இருந்தன. ஆடுமாடுகளைக் கடையருகிலேயே வெட்டி அங்கேயே விற்றனர். குடலையும் குருதியையும் எங்கே கழுவுவது என்பது பெருந்தொல்லையாயிற்று. 1343ஆம் ஆண்டில் நகர முதல்வர், ஃபிளீற் என்னும் சிற்றாற்றின் கரையில் ஒரு துண்டு நிலத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அதற்கு வாடகையாக ஆண்டுதோறும் ஒரு காட்டுப்பன்றித் தலையை முதல்வருக்கு அளித்தல் வேண்டும் என்பது உடன்பாடு. இறைச்சி வணிகர் சங்கத்தார் அவ்வழக்கத்தை நினைவுகூர்ந்து பன்றித் தலையை ஊர்வலமாக எடுத்துச் செல்லும் சடங்கை இந்நாளிலும் நடத்தி வருகின்றனர். கழிவுக்கு இடம் கேட்டுப் பெற்ற ஓர் உடன்பாடு இத்துணை நூற்றாண்டு நினைவில் நிற்பது வியப்புக்குரியது.

ஆனால் அந்நிலத்திலே கழிவை வைத்துப் பேணும் முறை எதுவும் இருக்கவில்லை. கழுவிய குடலை ஆறு கொண்டுபோய்விடும் என்று நம்பினர். ஆறு ஒரு களஞ்சியம் அன்று. அது பெற்றதைக் கீழே உள்ளவனுக்குக் கொடுத்துவிடும். ஃபிளீற் ஆற்றங்கரையிலேயே ஒரு சிறைச்சாலை இருந்தது. 1355ஆம் ஆண்டில் நடந்த விசாரணையொன்றில், அச்சிறையைச் சூழ்ந்த அகழி பலவகை அழுக்குகளால் தூர்ந்துபோய், உள்ளே இருந்தோரின் உடல்நலத்துக்கு ஊறு விளைக்கும் நிலையிலிருந்தமை வெளிப்பட்டது. இறைச்சிக் கழிவு மட்டுமன்றித் தோல் பதனிடுவோரின் கழிவும் மலக் கழிவும் அதிற் சேர்ந்திருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு தெருவாற் போகும் உரிமை கூட அங்கிருந்த கைதிகளுக்கு இல்லை. கழிவு எப்பொழுதும் குரல் தாழ்ந்தோர் இருக்கும் பக்கமாகவே இறங்குகின்றது என்பதற்கு இஃது ஒரு பழஞ் சான்று.

1361ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் மீண்டும் இலண்டனைத் தாக்கியபோது, மூன்றாம் எட்வேட் மன்னன் நகருக்குள் விலங்குகளை வெட்டுதலைத் தடுத்து, கிழக்கே ஸ்ராற்பேட், மேற்கே நைற்ஸ்பிறிட்ஜ் ஆகிய இடங்களிலேயே அதனைச் செய்தல் வேண்டும் என ஆணையிட்டான். அடுத்து வந்த ஆண்டுகளில் இத்தகைய ஆணைகள் மீண்டும் மீண்டும் பிறந்தன. ஓர் ஆணை பலமுறை பிறக்கின்றதெனின், அது பலமுறை மீறப்பட்டது என்பதே பொருள். இறுதியாக 1388ஆம் ஆண்டிலே, இரண்டாம் றிச்சாட் மன்னன் காலத்திலே, கேம்பிரிட்ஜ் நகரிற் கூடிய பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. நகரங்களை அண்டிய ஆறுகளிலும் அகழிகளிலும் சாணம், குடல் முதலிய அழுக்குகளை எறிதலை அது தடுத்தது. எறிந்தவரே அவற்றைக் குறித்த தவணைக்குள் அகற்றுதல் வேண்டும்; தவறின் 20 பவுண் தண்டம். ஓர் ஊருக்கு மட்டுமன்றி இங்கிலாந்து முழுவதற்குமாக எழுந்த முதற் சுகாதாரச் சட்டம் என இதனைச் சொல்வதுண்டு.

இச்சட்டத்திலே நாம் கருதத்தக்கது தண்டத்தொகை அன்று. யார் எறிந்தாரோ அவரே அகற்றுதல் வேண்டும் என்ற நியதியே அதன் உயிர். ஐந்து நூற்றாண்டுகள் கழிந்த பின், 1891ஆம் ஆண்டின் இலண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம் அந்நியதியை மேலும் தெளிவாக்கியது. இல்லத்துக் குப்பை வேறு, வணிகக் குப்பை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. வணிகக் குப்பையை நகர அதிகாரிகள் அகற்றுவர். ஆனால் அதற்குரிய நியாயமான கூலியை வணிகரே கொடுத்தல் வேண்டும். ஆதாயம் யாருக்கோ அவருக்கே கழிவின் செலவும் என்ற அறம் இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் நகராட்சி முறையும் அதனோடு சார்ந்த சுகாதார விதிகளும் இங்கு வந்தன. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வாயிலாகக் கொழும்பு மாநகர சபை தோன்றியது. தெருக்களைக் கூட்டுவதும் குப்பையை அகற்றுவதும் அதன் கடமைகளுள் அடங்கின. எனினும், கடைக் கழிவு உயிர்களைக் கொள்ளை கொள்ளும் என்பதைக் கொழும்பு நகரம் உணர்ந்தது 1914ஆம் ஆண்டிலேயாகும். அவ்வாண்டிலேதான் கொள்ளைநோய் முதன்முதலாக இலங்கையிற் பரவியது.

அந்நோயின் மூலத்தை உலகம் அதற்குச் சற்று முன்னரே அறிந்திருந்தது. 1894இல் ஹொங்கொங் நகரிலே அலெக்சாந்தர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் பம்பாய் நகரத்தில் நோய் தோன்றியபோது, துறைமுகத்தை அடுத்து வணிகக் கிட்டங்கிகள் நெருங்கியிருந்த மாண்டவிப் பகுதியிலேதான் அது முதலில் வெளிப்பட்டது. 1898இல் கராச்சியிலே போல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலில் வாழும் தெள்ளு என்னும் சிறு பூச்சியே நோயைக் கடத்துகின்றது எனச் சோதனை வாயிலாகக் காட்டினார். எலி உண்டாயின் தெள்ளு உண்டு. தானியம் சிந்தின் எலி உண்டு. அளவற்ற பேருக்கு மரணத்தைத் தந்த நோயின் சங்கிலி இவ்வாறு கடையின் மூலையிற் சிந்திக் கிடந்த அரிசியிலே போய் முடிந்தது.

கொழும்பிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அக்காலத்தில் இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. புறக்கோட்டையிலும் அதனை அண்டிய தெருக்களிலும் இருந்த கிட்டங்கிகளிலே சாக்குச் சாக்காக அடுக்கப்பட்டது. முன்புறத்தில் கடை, பின்புறத்தில் கிட்டங்கி, மேன்மாடியில் குடியிருப்பு என்னும் அமைப்பே அங்கு பெருவழக்கு. கிழிந்த சாக்குகளும் தரையைக் கூட்டியெடுத்த தானியத் துகளும் அங்கேயே கிடந்தன. கொழும்பு மாநகர சபையின் நுண்ணுயிர் ஆய்வாளராய் விளங்கிய டொக்டர் ஃபேபியன் ஹேர்ஸ்ற், எலிகளின் தெள்ளினங்களை வகைப்படுத்தி ஆராய்ந்தார். கொள்ளைநோயை வலிமையாகக் கடத்தும் இனம் ஒன்று. அத்துணை வலிமையில்லாத இனம் மற்றொன்று. நகரெங்கும் எலி இருந்தும், நோய் ஏன் சில பகுதிகளில் மட்டும் வேரூன்றியது என்பதற்கு விடை, அவ்வலிய இனம் தானிய வாணிகத்தைத் தொடர்ந்து வந்து தானியக் களஞ்சியங்களைச் சார்ந்து வாழ்ந்தமையே. தமது நெடுங்கால ஆராய்ச்சியின் பயனை அவர் 1953இல் கொள்ளைநோயை வென்றமை பற்றிய ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

இதிலிருந்து பிறந்த படிப்பினை எளியது. கடையைத் துப்புரவாக்குவது மட்டும் போதாது. கூட்டியெடுத்ததை எலி அணுகாத கலத்தில் மூடி வைத்தல் வேண்டும். தரைக்கும் சுவருக்கும் விலக்கி அடுக்குதல் வேண்டும். நாட்கணக்கிற் கிடக்க விடுதல் கூடாது. குப்பையை அகற்றுவதற்கும் கழிவைப் பேணுவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. அகற்றுதல் நகர சபையின் வண்டி வந்த பின் நிகழ்வது. பேணுதல் அவ்வண்டி வரும்வரை கடைக்காரர் தம் கூரையின் கீழ்ச் செய்வது. நோய் பிறந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்திலேயே.

இவ்விடத்தில் நம் பழைய கடைகளைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். முந்திய தலைமுறையினரின் பலசரக்குக் கடையிலே கழிவென்று ஒதுக்கத்தக்கது மிகச் சிறிதே இருந்தது. மண்ணெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் வாங்குவோரே போத்தல் கொண்டு சென்றனர். அரிசிக்கு உமலோ பனையோலைப் பெட்டியோ கையில் இருந்தது. சீனியும் பருப்பும் பழைய பத்திரிகைக் கடதாசியிற் சுருளாய் மடிக்கப்பட்டன. வெறுஞ் சாக்கு மீண்டும் விலைப்பட்டது. வெறுந் தகரம் வாளியாயிற்று. பெட்டிப் பலகை விறகாயிற்று. பழைய போத்தலும் கடதாசியும் வாங்குவோர் தெருத்தெருவாய்க் கூவி வந்தனர். வாழையிலையை மாடு தின்றது. அன்றையோர் நம்மினும் அறத்திற் சிறந்தவர் என்று இதனாற் கூறிவிட முடியாது. ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு விலை இருந்தமையே அதன் காரணம். விலையுள்ள பொருளை எவரும் தெருவில் எறிவதில்லை.

அந்நிலை மாறியதற்குக் காரணம், விலையே இல்லாத ஓர் உறை கடைக்கு வந்தமையாகும். 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் தற்செயலாகத் தோன்றிய பொலித்தீன், 1960களில் சுவீடன் நாட்டவர் வகுத்த முறைப்படி கைப்பிடியுள்ள பையாக வடிவெடுத்தது. பின்னர் உலகமெங்கும் பரவியது. நம் கடைகளையும் வந்தடைந்தது. அது மெல்லியது, மலிவானது, நீர் புகாதது. வணிகருக்கு அதனால் உண்டான வசதியை மறுக்க இயலாது. ஆனால் கடைக்காரர் அதனை இனாமாகக் கொடுத்தார். வாங்கியவர் இனாமாகவே எறிந்தார். திரும்பி வாங்க ஒருவரும் தெருவில் வரவில்லை. மாடு தின்றால் மாடு மாண்டது. அழுகுங் காய்கறியை அழுகாத பையிற் கட்டி எறியும் வழக்கம் தோன்றியபோது, ஆயிரமாண்டுகளாய் வெவ்வேறாயிருந்த இரண்டு கழிவுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கலந்தபின் அது மாட்டுக்கும் உதவாது, எருவுக்கும் உதவாது, வாங்குவோருக்கும் உதவாது.

அவ்வாறு கலந்த கழிவு சேர்ந்த இடங்களுள் ஒன்று கொழும்புக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்ல. புளூமெண்டல் குப்பை மேடு 2009இல் மூடப்பட்டபின், கொழும்பு நகரின் குப்பை பெருமளவில் அங்கேயே கொட்டப்பட்டது. வீட்டுக் குப்பையும், கடைக் குப்பையும், சந்தைக் குப்பையும் ஒன்றாய்க் குவிந்தன. கீழே இருந்ததோ சதுப்பு நிலம். தாங்குசுவரும் இல்லை, படியும் இல்லை. மேட்டின் அடியிலே வறிய குடும்பங்கள் வாழ்ந்தன. அங்குள்ளோர் பலமுறை முறையிட்டனர். 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று, அம்மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

உரோமாபுரியின் குன்றையும் மீதொட்டமுல்ல மேட்டையும் அருகருகே வைத்து நோக்குங்கள். இரண்டும் ஒரு பெருநகரம் தான் உண்டு முடித்தபின் ஒதுக்கியவற்றாலானவை. முன்னது ஓரினக் கழிவு; பின்னது கலப்புக் கழிவு. முன்னது அடுக்கப்பட்டது, பின்னது கொட்டப்பட்டது. முன்னதில் மழைநீர் ஓடுகளுக்கிடையே வடிந்தது. பின்னதில் அழுகலும் பொலித்தீனும் நீரைப் பிடித்து வைத்தன. ஒன்று இன்றும் நிற்கின்றது. மற்றொன்று எட்டாண்டுகளுக்குள்ளே மனிதர்மேற் சரிந்தது. எஞ்சினியர்கள் இதற்குக் கூறும் காரணங்கள் பல. அவற்றுக்கெல்லாம் முந்திய காரணம், கழிவு பிறந்த இடத்திலேயே அது பிரிக்கப்படாமையாகும்.

அதே 2017ஆம் ஆண்டிலே நம் நாடு அதற்கு முன் கண்டிராத டெங்குக் காய்ச்சலையும் கண்டது. 1,80,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இக்காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பெருகுவதற்குப் பெரிய குளம் வேண்டியதில்லை. ஒரு தயிர்க் கோப்பையில் தேங்கிய மழைநீரே போதும். கடைப் பின்புறத்தில் மழைக்கு வாய் திறந்து கிடக்கும் தகரமும், தெருவோரக் கடையிற் குவியும் இளநீர்க் கோம்பையும் எத்தனை நுளம்புகளை வளர்க்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். 1914இல் எலி செய்ததை நம் காலத்தில் நுளம்பு செய்தது. இடம் மட்டும் மாறவில்லை.

அரசு வாளாவிருக்கவில்லை. 20 மைக்கிறோனுக்கு மெல்லிய பொலித்தீன் 2007ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பர் முதலாம் நாள் தொடக்கம், கடைகள் பொலித்தீன் கைப்பைகளை இனாமாகக் கொடுத்தலாகாது என்றும் அவற்றின் விலையைப் பற்றுச்சீட்டிற் காட்டுதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இறுதியிற் கூறிய விதி சரித்திர நோக்கிலே கவனிக்கத்தக்கது. இழந்துபோன விலையைக் கலத்துக்கு மீண்டும் கொடுக்கும் முயற்சி அது. பழைய போத்தலுக்கும் சாக்குக்கும் சந்தை தானாகவே கொடுத்திருந்த மதிப்பை, பொலித்தீன் பைக்குச் சட்டம் கொடுக்க முற்படுகின்றது.

ஆயினும் 1361ஆம் ஆண்டின் ஆணையை நினைவுகூருங்கள். சட்டம் கடைவாயில்வரை வரும். பின்கட்டுக்குள் வருவது கடைக்காரரின் மனச்சாட்சியே. மேலும், மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சபை சேர்த்தெடுத்த குப்பை சபைக்கே உரிமையாகின்றது. இவ்விதியைக் காட்டி, வண்டியில் ஏறியபின் எம் பொறுப்பு தீர்ந்தது என்று கூறுவோர் உளர். சட்டப்படி அவர் கூறுவது சரியாயிருக்கலாம். ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன் அது அவருடையதாகவே இருந்தது. பிரித்து ஏற்றுவதா, கலந்து ஏற்றுவதா என்பதை அவரே தீர்மானித்தார். அத்தீர்மானத்தின் பயனை அனுபவிப்போர் அவர் கண்ணிற் படாத தொலைவில் வாழ்கின்றனர்.

அங்ஙனமாயின் ஒரு கடைக்காரர் செய்யத்தக்கது யாது? சரித்திரம் காட்டும் வழி நான்கு. முதலாவது, வருவதைக் குறைத்தல். சரக்குத் தருவோரிடம் பெட்டியையும் கூடையையும் போத்தலையும் திருப்பி எடுத்துச் செல்லுமாறு கேட்டல், கழிவு பிறவாமலே தடுக்கும் வழியாகும். இரண்டாவது, பிறந்த இடத்திலேயே பிரித்தல். அழுகுவது, கடதாசி, பொலித்தீன், கண்ணாடி, தகரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கலம் வைத்து, கடைச் சிப்பந்திகளுக்கு அதனைப் பழக்குதல் வேண்டும். பழுதான மின்கலமும் மின்குமிழும் எண்ணெயூறிய துணியும் இவற்றோடு சேரலாகா. மூன்றாவது, மூடிப் பேணுதல். ஈரமானதை மூடியுள்ள கலத்தில் நிலத்துக்கு மேலே வைத்து அன்றன்றே அனுப்புதல் வேண்டும். உலர்ந்ததை மழை படாத இடத்தில் அடுக்கிக் கட்டி வைத்தல் வேண்டும். நான்காவது, போகும் இடத்தை அறிதல். எடுத்துச் செல்வோர் அதனை எங்கே கொண்டு செல்கின்றார் என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவொன்றுமில்லை. மலிவாக எடுத்துச் செல்வோர் இரவோடிரவாக ஒரு வாய்க்காலிற் கொட்டுவாராயின், அம்மலிவின் விலையை வேறொருவர் கொடுக்கின்றார்.

சிறு கடைக்காரர், நிற்கவே இடமில்லாத கடையிலே ஐந்து கலங்களை எங்கே வைப்பது என்று கேட்பது இயல்பு. அக்கேள்வி நியாயமானது. இலண்டன் இறைச்சி வணிகரும் தனித்தனியாகவன்றிச் சேர்ந்தே நகர முதல்வரிடம் இடம் கேட்டனர். ஒரு தெருவிலுள்ள பத்துக் கடையினர் ஒன்றுகூடினால், பொதுவான ஓரிடத்தை மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ கேட்டுப் பெறலாம். ஆனால் அவர்கள் செய்யத் தவறியதையும் மறத்தலாகாது. இடம் பெற்றபின் அதனைப் பேணும் முறையையும், அதற்குப் பொறுப்பான ஓராளையும் நியமித்தல் வேண்டும். காய்கறிக் கடைகளின் தழையை மாடு வளர்ப்போரும் தோட்டஞ் செய்வோரும் மகிழ்வுடன் எடுத்துச் செல்வர், அதில் ஒரு பொலித்தீன் துண்டும் கலவாதிருக்குமாயின்.

வாங்குவோராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கையில் ஒரு பையுடன் கடைக்குச் செல்பவர், கடைக்காரரின் பாரத்தைச் சிறிதாவது குறைக்கின்றார். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்திலே கொள்முதலும் விற்பனையும் ஏறுகின்றன. கழிவுக்கென்று ஒரு பத்தி அதில் இல்லை. அந்தக் கணக்கு வேறோரிடத்தில் எழுதப்படுகின்றது. ஃபிளீற் சிறையின் கைதிகளும், புறக்கோட்டைக் கிட்டங்கிகளின் மேன்மாடியில் வாழ்ந்தோரும், மீதொட்டமுல்லைக் குடும்பங்களும் அதனைக் கண்டவர்கள். ஆகவே கடைக்காரர் ஒவ்வொருவரும் இரவிலே கதவைப் பூட்டுமுன் பின்கட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வாராக.